வெளுத்த பவளம் செத்துப்போச்சா?

வீட்டு ரீஃப் டேங்க்ல பவளம் வெளுத்ததும் தூக்கிப் போடுறவங்க நிறைய. அதுக்கு முன்னாடி ஒரு பழைய சோதனையைப் பார்த்துடலாம்.

1928-ல் மாரிஸ் யங் தலைமையில ஒரு பிரிட்டிஷ் குழு ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போச்சு. லோ தீவுகள்ல தங்கி, வெளிச்சம் புகாத பெட்டியில பவளங்களை வச்சாங்க. சதைக்குள்ள வாழும் நுண்பாசி போயிடுச்சு, நிறமும் போயிடுச்சு. ஆனா இரை கொடுத்தப்போ பவளம் பிழைச்சிருந்தது. அதனால, பாசி பவளத்துக்குச் சோறு போடலைன்னு யங் நினைச்சார்.

1958-ல் மஸ்கட்டைனும் ஹேண்டும் கதிரியக்கக் கார்பனை வச்சு, பவளத்தோட சொந்தமான கடல் சாமந்தியில, பாசி தயாரிச்ச உணவு சதைக்குள்ள போறதைக் காட்டினாங்க. ஆக, வெளுத்த பவளம் உயிரோட, பசியில இருக்கு.

உங்க டேங்க்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. எலும்புக்கூடு மேல கண்ணாடி மாதிரி சதை இருந்தா, அது வெளுப்பு. பெரும்பாலும் சூடோ அதிக வெளிச்சமோதான் காரணம். ரெண்டையும் மெதுவா குறைச்சு, இரை கொடுங்க. சதையே உரிஞ்சு வெறும் சுண்ணாம்பு தெரிஞ்சா, கதை வேற: நல்ல பகுதியைச் சீக்கிரம் வெட்டிப் பிரிச்சு, தனித் தொட்டியில வைங்க.