வண்டிக்குள் ஒரு மூளைப் பெட்டி

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. பஞ்சு ஏற்றிய லாரிகள், பால் வண்டிகள், செங்கோட்டைக் கணவாயைக் கடக்கும் வேன்கள் என்று இரவும் பகலும் ஓயாத சாலை. அதன் ஓரத்தில் 1980-ல் ஒரு கார் நின்றுபோனால் மெக்கானிக் என்ன செய்திருப்பார்? பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார். கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதுவார். பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். குற்றம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டியது.

இன்று அதே சாலையில் நிற்கும் வண்டியில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. அவற்றின் வேலையை உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி ஒன்று பார்க்கிறது. பட்டறைகளில் அதற்கு ஈ.சி.எம். என்று பெயர். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்று கணக்கிடுவது அதுதான். “ஈ.சி.எம். போய்விட்டது” என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே வாடகை வண்டி ஓட்டுபவர் முகம் வாடும். புதுப் பெட்டியின் விலை பல மாத வருமானத்தை விழுங்கிவிடக்கூடியது. அது உண்மையிலேயே போய்விட்டதா என்று அறியும் வழி உண்டு. அதற்கு முன், அந்தப் பெட்டி வண்டிக்குள் எப்படிப் புகுந்தது என்பதைப் பார்ப்போம்.

முதல் முயற்சி தோல்வி. 1957-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் ‘எலெக்ட்ரோஜெக்டர்’ என்ற மின்னணு எரிபொருள் செலுத்தியை அறிவித்தது. 1958-ம் ஆண்டு மாடலில் கிரைஸ்லர் நிறுவனம் சில வண்டிகளில் அதைப் பொருத்தியது. எஞ்சின் அருகே இருக்கும் சூட்டையும் அதிர்வையும் அக்காலத்து மின் உறுப்புகளால் தாங்க முடியவில்லை. விற்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றிற்குப் பிறகு கார்புரேட்டரே மாட்டப்பட்டது. பழுதான மின்னணுப் பெட்டிக்கு மாற்றாகக் கார்புரேட்டர் வந்ததுதான் இந்தக் கதையின் தொடக்கம் என்பது ஒரு வேடிக்கை!

அந்தப் பெட்டியை மீண்டும் கொண்டுவந்தது புகை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரிய வைத்த புகைமூட்டத்துக்குக் காரணம், வண்டிப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதே என்று வேதியியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கலிபோர்னியா மாநிலம் புகைக்கு வரம்பு விதித்தது. பெண்டிக்ஸ் காப்புரிமைகளின் உரிமத்தைப் பெற்ற ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-ல் ‘டி-ஜெட்ரானிக்’ முறையை வோக்ஸ்வாகன் வண்டியில் அமைத்தது. இப்போது டிரான்சிஸ்டர்கள் சூட்டைத் தாங்கின. 1979-ல் அதே நிறுவனத்தின் ‘மோட்ரானிக்’, எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே நுண்செயலியின் பொறுப்பில் விட்டது.

பெட்டி வந்ததும் மெக்கானிக்கின் கண்ணும் காதும் போதவில்லை. ஆகவே பெட்டியே தன் குறையைச் சொல்ல வேண்டியதாயிற்று. 1981-ம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஒரு விளக்கு இருந்தது. குறிப்பிட்ட இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால் அது சிமிட்டும். ஒரு சிமிட்டு, சற்று இடைவெளி, பிறகு இரு சிமிட்டு என்றால் 12 என்று படிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி குறி வேறாக இருந்ததால் குழப்பம் மிகுந்தது. 1996-ம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை 16 முனைச் செருகியும் பொதுவான பிழை எண்களும் கட்டாயமாயின. இன்று உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் ஸ்டியரிங்கின் கீழே குனிந்து ஸ்கேனரை மாட்டுகிறாரே, அது அந்தச் செருகியின் வாரிசுதான்.

இந்தியாவுக்கும் இதைக் கொண்டுவந்தது புகைச் சட்டமே. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகை சுத்திகரிக்கும் வினையூக்கிக் கருவி கட்டாயமாயிற்று. 2010-ல் பாரத் நான்காம் நிலை சென்னை போன்ற 13 நகரங்களுக்கு வந்தது. அது நாடு முழுவதற்கும் விரிந்தது 2017 ஏப்ரலில். 2020 ஏப்ரலில் ஆறாம் நிலை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கும் தன் குறையைத் தானே சொல்லும் ஏற்பாடு வந்துவிட்டது. பெருநகரத்துப் பட்டறைகளுக்குப் பழகிக்கொள்ளக் கிடைத்த அவகாசம் சிற்றூர்ப் பட்டறைகளுக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த உறுப்பை வாங்கி மாட்டிவிடலாமா? கூடாது. எண் என்பது நோயின் பெயரன்று. வலிக்கும் இடம் மட்டுமே. நான்கைந்து சென்சார்கள் ஒரே சமயத்தில் பிழை காட்டுகின்றன என்று கொள்வோம். எல்லாம் ஒன்றாகக் கெடுமா, பெட்டிதான் கெட்டிருக்கும் என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நல்ல பெட்டிகள் பல குப்பைக்குப் போகின்றன.

முதலில் எர்த் கம்பியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது சுமார் 150 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினையும் பாட்டரியையும் இணைக்கும் எர்த் பட்டையில் துருவால் 0.02 ஓம் தடை ஏறியிருந்தால்? ஓம் விதிப்படி 150-ஐ 0.02-ஆல் பெருக்குங்கள்: 3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. ஸ்டார்ட்டர் இழுவையில் பாட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். பெட்டியின் எர்த்தும் எஞ்சின் உடலிலேயே இருந்தால், அதற்குக் கிடைப்பது 7 வோல்ட் மட்டுமே. அது மயங்கி விழுகிறது. ஆக, பழுது ஒரு துருப்பிடித்த போல்ட்டில்! மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் எர்த் கம்பியிலும் மறுமுனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

அடுத்தது 5 வோல்ட் கம்பி. ஆக்ஸிலரேட்டர் மிதி, காற்றழுத்தம் முதலிய மூன்று கம்பிச் சென்சார்கள் பலவற்றிற்கும் பெட்டி ஒரே வழியில் 5 வோல்ட் அனுப்புவதுண்டு. அவற்றுள் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றிற்கும் மின்னழுத்தம் போய்விடும். ஒரு தெருக்குழாய் உடைந்தால் தெரு முழுவதும் தண்ணீர் நிற்பதுபோல. மீட்டரைப் பார்த்துக்கொண்டே சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லையென்றால், பெட்டியின் செருகியையும் கழற்றி, அந்தக் கம்பி எர்த்தில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசவில்லையென்றால் மட்டுமே சந்தேகம் பெட்டியின் மேல் திரும்பலாம்.

பெட்டிகள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ இணைப்பைச் சோதிப்பது மாணவர்களுக்குப் பிடிக்கும். இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருக்கிறது. பக்க இணைப்பு என்பதால் பாட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

உண்மையில் பெட்டி கெடுவதும் உண்டு. தண்ணீர் புகும், பாட்டரியைத் தலைகீழாக மாட்டுவார்கள், இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் செய்வார்கள். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்கும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். இப்படிப்பட்ட நேரத்தில் காயிலைச் சோதிக்காமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதுவும் சுட்டுப்போகும்.

மாற்றுவதும் எளிதன்று. பாக எண்ணோடு மென்பொருளின் எண்ணும் பொருந்த வேண்டும். திருட்டுத் தடுப்புள்ள வண்டியில் சாவியைப் புதுப் பெட்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டும். டீசல் காமன் ரெயில் வண்டியில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்தக் குறியையும் எழுத வேண்டும். இதற்குக் கம்பெனியின் மென்பொருள் தேவை. அது யாருக்குக் கிடைக்கும் என்பது வழக்காகவே ஆயிற்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. மோட்டார் வாகனமும் அதில் ஒரு பிரிவு. உள்ளூர்ப் பட்டறைக்காரரின் கையில் சாதனம் இல்லையென்றால், அவருடைய திறமை எர்த் போல்ட்டோடு நின்றுவிடும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று. பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றானால், பழையதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சாவியின் குறியும் வண்டியின் எண்ணும் பெரும்பாலும் அதன் நினைவகத்தில்தான் இருக்கின்றன. புதியதில் படி எடுக்க அது தேவைப்படலாம்.