பட்டுக்கு எமன், பருத்திக்குக் காவலன்

1901. ஜப்பானில் நேற்றுவரை மல்பெரி இலையை மென்றுகொண்டிருந்த பட்டுப்புழுக்கள் திடீர் திடீரெனச் சுருண்டு விழுந்து செத்தன. அன்றைய ஜப்பானுக்குப் பட்டுதான் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. விட்டுவிட முடியுமா? இஷிவாடா என்ற ஆராய்ச்சியாளர் செத்த புழுக்களைச் சோதித்தார். அகப்பட்டது ஒரு பாக்டீரியா. மண்ணில் சாதாரணமாகக் குடியிருக்கிற ஆசாமி!

பத்து வருடம் கழித்து ஜெர்மனியில், செத்துப்போன மாவு அந்துப்பூச்சியிலும் அதே ஆசாமி சிக்கினான். கண்டுபிடித்த எர்ன்ஸ்ட் பெர்லினர், தூரிங்கியா என்ற ஊர்ப்பக்கத்தின் பெயரையே அவனுக்குச் சூட்டினார். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமாக, பி.டி.

பட்டுக்கு எமன் என்றால், பயிர் தின்னும் புழுக்களுக்கும் எமன்தானே? 1938-ல் பிரான்ஸில் அதையே பூச்சிமருந்தாக விற்க ஆரம்பித்தார்கள்.

கொலை எப்படி நடக்கிறது என்பது 1950-களில்தான் புரிந்தது. பாக்டீரியாவுக்குள் ஒரு புரதப் படிகம். புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அதில் படிகம் கரையும், குடல் சுவரில் ஒட்டும், ஓட்டை போடும். புழு சாப்பாட்டை நிறுத்திவிடும். அப்புறம் என்ன, சில நாளில் மரணம். நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ள இடமும் கிடையாது.

ஆனால் வெயில் பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது எட்டாது. சரி, செடியே அந்தப் புரதத்தைத் தயாரித்தால்? பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தார்கள். 1996-ல் அமெரிக்கா, 2002-ல் இந்தியா.

ஆரம்பத்தில் காய்ப்புழு அடங்கியது. மருந்துச் செலவும் குறைந்தது. ஆனால் லட்சத்தில் ஒரு புழு தப்பித்து, தன்னைப்போலத் தப்பித்த இன்னொன்றோடு ஜோடி சேர்ந்தால்? வாரிசுகளும் சாகாது. அதனால்தான் வயலைச் சுற்றி ஐந்து வரிசையாவது, அல்லது இருபது சதவிகித இடத்திலாவது சாதாரணப் பருத்தி போடச் சொன்னார்கள். அதில் பிழைக்கிற சாதுப் புழுக்களோடு ஜோடி சேர்ந்தால், அடுத்த தலைமுறை மறுபடி பி.டி.யிடம் மாட்டும்.

'இருக்கிறதே ரெண்டு ஏக்கர். இதில் புழுவுக்கு வேறு பங்கா?' விவசாயியின் கணக்கு அவருக்கு. பெரும்பாலான வயல்களில் அந்த வரிசைகள் முளைக்கவே இல்லை. 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யை ஜெயித்துவிட்டது உறுதியானது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகமும் சில வருடங்களில் அதனிடம் தோற்றது.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதே பருத்தி, அதே புழு. அங்கே புழுவுக்குப் பங்கு ஒதுக்கினார்கள். பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். 2018-ல் அந்தப் புழு தங்கள் பருத்தி வயல்களிலிருந்து ஒழிந்துவிட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது.

புழுவுக்குப் பங்கு கொடுத்த ஊரில் புழு இல்லை. கொடுக்காத ஊரில், மொத்த வயலிலும் அது பங்கு கேட்கிறது!