பல கைகளின் எல்லை

திருமண வீட்டில் காய்கறி நறுக்கப் பத்துப் பேர் அமர்ந்தால் வேலை விரைவில் முடிகிறது. ஆயின் உலை கொதிக்க வேண்டிய நேரமோ, நூறு பேர் சூழ்ந்து நின்றாலும் குறைவதில்லை. கணிப்பொறிகளின் வரலாற்றிலும் இவ்வுண்மையே விதியாக அமைந்தது.

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய கணிப்பொறி மாநாட்டில், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜீன் ஆம்டால் இதனை எடுத்துரைத்தார். அவருடைய வாதத்தினின்று பிறந்த கணக்கு எளியது. ஒரு வேலையைத் தனிச் செயலி 100 மணி நேரத்தில் முடிப்பதாகக் கொள்வோம். அதில் 10 மணி நேரப் பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெற வேண்டியது. எஞ்சிய 90 மணி நேரப் பகுதியே பகிர்ந்துகொள்ளத் தக்கது. 10 செயலிகளை இணைத்தால் 19 மணி நேரம் ஆகும். வேகம் ஏறக்குறைய 5 மடங்கே. ஆயிரமாயிரம் செயலிகளை இணைப்பினும் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்க இயலாது. அன்றியும், செயலிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் நேரத்தையும் இதனோடு கூட்ட வேண்டும்.

நம் நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. வலிமை மிக்க கிரே வகைக் கணிப்பொறிகளை அயல்நாட்டிலிருந்தே பெற வேண்டியிருந்தது. 1980-களில் அவற்றுள் திறன் மிகுந்தவற்றை நமக்கு அளிக்க அமெரிக்கா இசையவில்லை. ஆகவே சிறு செயலிகள் பலவற்றை இணைக்கும் வழியை நாம் நாடினோம். பெங்களூரில் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1986-இல் புளோசால்வர் எனும் பொறியை உருவாக்கியது. 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தோன்றியது. அந்நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இவ்வரலாற்றுக்கு அண்டை வீட்டார் ஆவர்.

ஆம்டால் கண்ட எல்லை இவ்வழியை மறித்துவிடாதா? இதற்கு விடை 1988-லேயே அமெரிக்காவின் ஸாண்டியா ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அங்கே ஜான் குஸ்டாப்சன் முதலியோர் 1024 செயலிகளை இணைத்து, அவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கின் அளவையும் பெருக்கினர். 1000 மடங்குக்கு மேற்பட்ட வேகம் கிட்டியது. அதே வேலையை எவ்வளவு விரைவில் முடிக்கலாம் என்பது ஆம்டாலின் வினா. அதே நேரத்தில் எவ்வளவு பெரிய வேலையை முடிக்கலாம் என்பது குஸ்டாப்சனின் வினா.

1991-இல் சி-டாக், டிரான்ஸ்பியூட்டர் எனும் சிறு செயலிகளை இணைத்துப் பரம் 8000 கணிப்பொறியை அமைத்தது. அதனால் ஆம்டாலின் எல்லை அழிந்துவிடவில்லை. வானிலை, காற்றோட்டம் போன்ற பெருங்கணக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பிரிக்க இயலாத பகுதியைச் சுருக்குவதே இன்றளவும் இத்துறையில் உழைப்போரின் முதற்கடமையாக இருந்து வருகிறது. செயலிகளை விலைக்கு வாங்கலாம். வேலையைப் பிரிக்கும் அறிவை நாமே வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.