முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தொற்றுக் கட்டுப்பாடு

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தொற்றுக் கட்டுப்பாடு என்பது, நீண்டகாலப் பராமரிப்பு பெற்று ஒரே கூரையின்கீழ் வாழும் முதியோரிடையே தொற்றுநோய்கள் தோன்றுவதையும் பரவுவதையும் தடுக்கக் கடைப்பிடிக்கப்படும் நடைமுறைகளின் தொகுப்பு ஆகும். கைத்தூய்மை, தடுப்பூசி, நோயுற்றோரைப் பிரித்து வைத்தல், தூய்மைப் பணி, நோய்க் கண்காணிப்பு, நுண்ணுயிர் எதிர்ப்பிகளை அளவறிந்து பயன்படுத்துதல் ஆகியன இதில் அடங்கும். இவற்றுட் பல முதலில் மருத்துவமனைகளுக்காக வகுக்கப்பட்டவை. மருத்துவமனையில் சேர்பவர் பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்புகிறார்; பராமரிப்பு இல்லத்தில் இருப்பவருக்கோ அதுவே வீடு. எனவே நோயைத் தடுப்பதுடன், அங்கு வாழ்வோரின் இயல்பு வாழ்க்கையைக் குலைக்காதிருப்பதும் இத்துறையின் நோக்கமாகும்.

இடர் மிகுவதற்கான காரணங்கள்

வயது ஏற ஏற உடலின் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. நீரிழிவு, நுரையீரல் நோய், விழுங்குவதில் இடர்ப்பாடு, படுக்கைப் புண், நீண்டநாள் பொருத்தப்பட்ட சிறுநீர்க் குழாய் ஆகியவை தொற்றுக்கு வழிவகுக்கின்றன. மறதி நோய் உள்ளவர்கள் தம் உடல்நலக் குறைவை எடுத்துச் சொல்ல இயலாதிருக்கலாம். அறை விட்டு அறை செல்வதும் உண்டு. உணவுக்கூடமும் குளியலறையும் பொதுவானவை. ஒரே பணியாளர் ஒரு முறைப்பணியில் பலரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டுகிறார்.

முதியோரிடம் நோயின் அறிகுறிகள் வழக்கத்திற்கு மாறாக இருப்பதும் உண்டு. காய்ச்சலுக்குப் பதிலாகத் திடீர்க் குழப்பம், பசியின்மை, தடுமாறி விழுதல் ஆகியவை முதலில் தென்படலாம். எனவே இவ்வில்லங்களில் காய்ச்சலுக்கான வரையறை தாழ்வாக வைக்கப்படுகிறது. வாய்வழி வெப்பநிலை ஒருமுறை 37.8 பாகை செல்சியசைத் தாண்டினாலோ, அவரது வழக்கமான அளவைவிட 1.1 பாகைக்கு மேல் உயர்ந்தாலோ அது காய்ச்சலாகக் கொள்ளப்படும்.

பரவும் வழிகள்

* தொடுகை: நோரோவைரசு, சிரங்கு, பல மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்கள், கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோசுட்ரிடியாய்டிசு டிபிசில் ஆகியவை கைகள், பொருட்கள் வழியே பரவுகின்றன.
* காற்றும் நீர்த்துளிகளும்: இன்புளுவென்சா, கோவிட்-19, காசநோய் ஆகியவை இவ்வகையின.
* நீர்: லெசியோனெல்லா பாக்டீரியா நீரமைப்புகளில் பெருகி, நுண்திவலைகளுடன் நுரையீரலை அடைகிறது. 2005 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கனடாவின் டொராண்டோ நகர முதியோர் இல்லம் ஒன்றில் 23 பேர் இதனால் இறந்தனர். தொடக்கத்தில் நோய்க்காரணி பிடிபடவில்லை. இறந்தோரின் நுரையீரல் திசுக்களை ஆய்ந்த பின்னரே அது தெரியவந்தது. கட்டடத்தின் குளிரூட்டும் கோபுரமே நோயின் மூலம் எனக் கண்டறியப்பட்டது.

அடிப்படை நடைமுறைகள்

கைத்தூய்மை

1847 இல் வியன்னாவில் இக்னாசு செம்மல்வைசு, மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினால் மகப்பேற்றுக் காய்ச்சலால் ஏற்படும் இறப்புகள் வெகுவாகக் குறைவதைக் காட்டினார். இன்றும் தொற்றுக் கட்டுப்பாட்டின் முதல் படி கைத்தூய்மையே. ஒருவரைத் தொடும் முன்னும் பின்னும், தூய்மை தேவைப்படும் செயலுக்கு முன்னும், உடல் நீர்மங்கள் பட்ட பின்னும், அவரைச் சூழ்ந்த பொருட்களைத் தொட்ட பின்னும் என ஐந்து தருணங்களை உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. ஆல்ககால் கலந்த கைத்தேய்ப்பு நீர்மத்தை 20 முதல் 30 நொடிகள் தேய்த்தால் போதும். ஆனால் குளோசுட்ரிடியாய்டிசு டிபிசிலின் வித்துகளை ஆல்ககால் அழிப்பதில்லை. அந்நோய் பரவும்போது சோப்பும் நீரும் இன்றியமையாதவை.

தடுப்பு அணிகள்

இரத்தம், சளி, மலம் முதலியன படக்கூடிய எப்பணியிலும், நோய் உறுதியாகாவிட்டாலும், கையுறை முதலியவற்றை அணிய வேண்டும் என்பது அடிப்படை விதி. மருந்துக்கு அடங்காத கிருமிகளை நோயின்றியே உடலில் சுமப்போர் பலர். அவர்களை ஆண்டுக்கணக்கில் அறைக்குள் அடைத்து வைப்பது ஏற்புடையதன்று. இதற்கெனவே அமெரிக்காவில் மேம்பட்ட தடுப்பு நடைமுறை உருவானது. இதன்படி அவர்கள் இல்லத்தில் விருப்பம்போல் நடமாடலாம். குளிப்பாட்டல், உடைமாற்றல், புண்ணுக்கு மருந்திடல் போன்ற நெருங்கிய பணிகளின்போது பணியாளர் மேலங்கியும் கையுறையும் அணிவர். 2024 ஏப்ரல் முதல் அந்நாட்டின் அரசு நிதி பெறும் இல்லங்களில் இது கட்டாயமாக்கப்பட்டது.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பயன்பாடு

இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 விழுக்காட்டினரின் சிறுநீரில் எவ்வித அறிகுறியும் இன்றிப் பாக்டீரியா காணப்படும். சோதனை முடிவை மட்டும் கொண்டு இதற்கு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளே பெருகும்.

பணியாளர்கள்

கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்தே இல்லத்திற்குள் வருகிறது. 2000 ஆம் ஆண்டு வெளியான இசுக்காட்லாந்து ஆய்வொன்று முதியோருக்கான 20 நீண்டகாலப் பராமரிப்பு மருத்துவமனைகளில் நடந்தது. பணியாளருக்கு இன்புளுவென்சா தடுப்பூசி வழங்க முன்வந்த இடங்களில் முதியோர் இறப்பு 13.6 விழுக்காடாகவும், பிற இடங்களில் 22.4 விழுக்காடாகவும் இருந்தது. எனினும் இத்தகைய ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள் சான்றின் வலிமை போதாது எனக் கருதினர்.

குறைந்த ஊதியமும் சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பு இன்மையும் காரணமாகப் பணியாளர் பலர் நோயுடனே வேலைக்கு வருகின்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் பணிபுரிவோரும் உண்டு.

கர்க்லாந்து நிகழ்வு, 2020

2020 பெப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் உள்ள கர்க்லாந்து நகரப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கோவிட்-19 கண்டறியப்பட்டது. மார்ச் 18 வரை அவ்வில்லத்துடன் தொடர்புடைய 167 பேருக்கு நோய் உறுதியானது. இவர்களில் 101 பேர் அங்கு வாழ்ந்தோர், 50 பேர் பணியாளர், 16 பேர் பார்வையாளர். அங்கு வாழ்ந்தோரில் நோயுற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். அறிகுறிகளுடன் பணிக்கு வந்தமை, பல இல்லங்களில் பணிபுரிந்தமை, பாதுகாப்பு அணிகளின் பற்றாக்குறை, பயிற்சிக் குறைவு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன.

அதே மாவட்டத்தின் மற்றோர் இல்லத்தில் சோதிக்கப்பட்ட 76 பேரில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்குச் சோதனையின்போது அறிகுறியே இல்லை. அறிகுறி உள்ளவரை மட்டும் பிரித்து வைப்பது போதாது என்பதை இது உணர்த்தியது.

தனிமைப்படுத்தலின் விளைவுகள்

2020 மார்ச் 13 அன்று அமெரிக்க நடுவண் அரசு, இறுதிக்கட்டத்தில் இருப்போரைக் காண்பது போன்ற சில சூழல்கள் தவிர, பராமரிப்பு இல்லங்களில் பார்வையாளரைத் தடுக்க அறிவுறுத்தியது. எல்லா நேரமும் பார்வையாளரை அனுமதிக்கும் வழிகாட்டுதல் 2021 நவம்பரிலேயே வந்தது. இக்காலத்தில் பலர் உறவினரைச் சன்னல் கண்ணாடி வழியே மட்டும் கண்டனர். தனிமை, மனச்சோர்வு, உணவு உட்கொள்ளல் குறைதல் ஆகியவை பரவலாகப் பதிவாயின. உறவினர் வெறும் பார்வையாளர் அல்லர். உணவூட்டுதல் போன்ற பணிகளையும் அவர்கள் செய்துவந்தனர் என்பது அப்போது வெளிப்பட்டது.

நெதர்லாந்தில் 2020 மே மாதம் 26 இல்லங்களில், உரிய விதிகளுடன் ஒருவருக்கு ஒரு பார்வையாளர் என அனுமதித்துப் பார்த்தனர். ஆய்வு நடந்த வாரங்களில் அவ்வில்லங்களில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. தடையைத் தளர்த்தும் முடிவுக்கு இது துணையாயிற்று.

இவற்றையும் பார்க்க

* கை கழுவுதல்
* நுண்ணுயிர் எதிர்ப்பி
* முதியோர் இல்லம்