சாயவேர்: எமது மணலுக்குள் இருந்த சிவப்பு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையோடு வாசியுங்கள். முடிவில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப்போகிறோம்.

2022 நெருக்கடிக்குப் பிறகு வர்ணப்பெட்டி விலை ஏறியது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். சித்திரப் பாடத்துக்கு ஒரே பெட்டியை நான்கு பிள்ளைகள் பகிர்ந்து கொள்வதைப் பார்த்து, ஒரு தவணைக்கு மட்டும் கடை வர்ணம் இல்லாமல் படம் வரைந்து பார்ப்போம் என்று நாம் ஆசிரியர்கள் கூடி முடிவெடுத்தோம். சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் செடி, கொடி, பூ, பட்டை ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளே நிறம் எடுக்க வேண்டும். அதுதான் வேலை.

மஞ்சள் நிறம் முதல் நாளே கிடைத்துவிட்டது. சமையலறை மஞ்சளும் ஆவாரம்பூவும் போதும். முருங்கை இலையை இடித்துப் பச்சை எடுத்தோம். காக்கணம்பூவிலிருந்து நீலம் வந்தது. அதில் தேசிக்காய்ச் சாறு விட்டதும் ஊதாவாக மாறியதைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றது. சிரட்டைக் கரியை அரைத்து, வேலம் பிசினில் குழைத்துக் கறுப்பு செய்தோம்.

சிவப்புத்தான் வரவில்லை. பீட்ரூட் இரண்டு நாளில் மண்ணிறமானது. செவ்வரத்தம்பூ அதற்கும் முந்திவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து பார்த்தோம். முதலில் நல்ல சிவப்பு. காய்ந்து வெயில் பட்டதும் அதுவும் போய்விட்டது. "சேர், அப்ப அந்தக் காலத்து ஆக்கள் சிவப்புக்கு என்ன செய்தவங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

பதில் பாடசாலைப் படலையடியில் கிடைத்தது. பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு முதியவர், கடல் தொழில் செய்து ஓய்ந்தவர், பிள்ளைகளின் கைகளில் இருந்த கறைகளைப் பார்த்து விசயத்தைக் கேட்டார். சொன்னோம். சிரித்தார். "சிவப்ப எங்க தேடுறீங்க சேர்? காலுக்குக் கீழதானே கிடக்கு. எங்கட வாப்பா சாயவேர் எண்டு காட்டித் தந்தவர்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சாயவேர் ஒரு சிறிய பூண்டு. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணல்களிலும், அக்கரையில் சோழமண்டலக் கரையிலும் தானாக முளைப்பது. பூ மிகச் சிறியது, வெள்ளை நிறம். தமிழ் வைத்தியத்தில் இதற்கு இம்பூறல் என்று பெயர். நாம் குடிக்கும் கோப்பியும், எமது பற்றைகளில் நிற்கும் மஞ்சவண்ணாவும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். மேலே பார்த்தால் மிதித்துவிட்டுப் போகும் செடி. கீழே மெல்லிய நீண்ட வேர். அந்த வேரின் தோலில்தான் சிவப்பு இருக்கிறது.

ஆனால் வேரை அவித்துத் துணியைப் போட்டால் மட்டும் சிவப்பு வந்துவிடாது. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் இதற்கு ஒரு நீண்ட முறையை வைத்திருந்தார்கள். முதலில் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காய வைப்பார்கள். பிறகு, சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகார நீரால் வரைவார்கள். துருப்பிடித்த இரும்பைப் புளித்த கருப்பட்டி நீரில் ஊறவைத்த கரைசலால் கறுப்புக் கோடுகளை வரைவார்கள். அதற்குப் பிறகுதான் சாயவேர் கொதிக்கும் பானைக்குள் துணி போகும். படிகாரம் தொட்ட இடங்களில் சிவப்பு ஏறி ஒட்டிக்கொள்ளும். மற்ற இடங்களில் பட்டதைக் கழுவியும் வெயிலில் வெளிறவைத்தும் அகற்றிவிடலாம். இந்த வேலையை அருகிருந்து கேட்டறிந்த ஒரு யேசு சபைப் பாதிரியார், 1742இல் அதை விரிவாக எழுதி பிரான்ஸுக்கு அனுப்பினார். ஐரோப்பிய சாயக்காரர்களுக்கு இந்தத் துணிகளின் இரகசியம் அவ்வளவு தேவையாக இருந்தது. துவைக்கத் துவைக்க மங்காத சிவப்பு அவர்களுக்குப் புதுமை.

அந்தச் சாயப் பானைகளுக்கு எமது மணலிலிருந்தும் வேர் போனது.

மன்னார் 1560இல் போர்த்துக்கேயர் கைக்கும், 1658இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் கறுவா, யானை, முத்து என்று சரியாகச் சொல்வார்கள். சாயவேர் என்று எவரும் சொல்வதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அது அரசாங்கத்துக்கு வருமானம் தந்த ஒரு பொருள். தோண்டிய வேரைக் கம்பனிக்குத்தான் கொடுக்க வேண்டும். விலையையும் கம்பனியே நிர்ணயித்தது. அங்கிருந்து அது அக்கரைக்குக் கப்பலேறியது.

அக்கரையோடு எமக்கு இருந்த உறவும் இங்கே நினைவுக்கு வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக மன்னார்க் கடலைக் கடந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றில் துணியும் ஒன்று. இங்கே உறவு கொண்டாடி, இங்கேயே தங்கியவர்களும் உண்டு. துணி அங்கிருந்து வந்தது, வேர் இங்கிருந்து போனது. எமது கரையின் சிவப்பே சேலையாகி எமது கரைக்குத் திரும்பியும் வந்திருக்கலாம்.

இதுவரை வாசித்தவர்களுக்கு இது ஒரு பெருமைக் கதையாகத் தோன்றும். எமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேரைத் தோண்டியவர்கள் யார் என்று கேட்டபோது கதை மாறியது.

வேர் தோண்டுவதற்கென்றே ஒரு சமூகம் ஒதுக்கப்பட்டிருந்தது. வேர்குத்திகள் என்பது அவர்களுடைய பெயர். தொழிலையே பெயராக வைத்து, அந்தப் பெயரையே தலைவிதியாக்கி, சாதி அடுக்கின் அடியில் அவர்களை நிறுத்தியிருந்தார்கள். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேர் தோண்டிக் கொடுப்பது அவர்களுடைய கடமையாக்கப்பட்டது. வெயிலில், மணலில், குனிந்தபடி, முறியாமல் வேரை இழுத்தெடுக்கும் வேலை. அந்தச் சிவப்பில் உடுத்தவர்களின் படங்கள் ஐரோப்பிய நூதனசாலைகளில் இருக்கின்றன. தோண்டியவர்களில் ஒருவருடைய பெயரையாவது நாம் படித்ததில்லை.

அரிப்புக் கடற்கரைக்குச் சுற்றுலா போனவர்களுக்கு அங்குள்ள டொரிக் மாளிகை தெரியும். முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. கடல் அரித்து, இடிந்து, இன்னும் நிற்கிறது. பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். முத்தை மேற்பார்வை செய்தவருக்கு ஒரு மாளிகை மிஞ்சியது. வேர் தோண்டியவருக்கு ஒரு கல் கூட இல்லை.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. 1830களின் தொடக்கத்தில், கோல்புறூக் சீர்திருத்தங்களோடு கட்டாய ஊழிய முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அது நல்லது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்து, 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரு இரசாயனவியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். சாயவேருக்குள் இருக்கும் சிவப்பும் அதே அலிசரின்தான். சில ஆண்டுகளுக்குள் ஆலைச் சாயம் மலிந்தது. வேருக்கு விலை போனது. விலை போனதும் அதைப் பற்றிய அறிவும் மெல்ல மெல்லப் போனது.

எமது கரையில் வேரோடு மட்டும் இது முடியவில்லை. மீனவக் குடும்பங்களில் பிறந்த மூத்தவர்களுக்கு, கண்டல் பட்டையை அவித்து அந்தச் செம்பழுப்புச் சாற்றில் வலையை ஊறவைத்த காலம் ஞாபகமிருக்கும். பருத்தி வலை உக்காமல் இருக்கச் செய்த வேலை அது. நைலோன் வலை வந்ததும் அந்தப் பானையும் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. பாய் இழைத்த உம்மும்மாமார் ஓலைக்கு நிறமேற்ற எதை அவித்தார்கள்? கடைச் சாயப்பொடி வந்தபின் அதைக் கேட்பதற்கு ஆளில்லை. மலைநாட்டுக் கைவினைஞர்கள் எந்த மரத்தில் சிவப்பு எடுத்தார்கள், எதில் மஞ்சள் எடுத்தார்கள் என்பதை ஆனந்த குமாரசுவாமி தேடித் தேடிக் குறித்து 1908இல் புத்தகமாக்கினார். எமது கரையோரத்துப் பெண்களின் சாயப் பானையைப் பற்றி அப்படி ஒரு புத்தகம் எம் கையில் இல்லை.

அதற்குமேல் 1990 ஒக்டோபர் வந்தது.

அதை உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கியவர்களில் எமது பெற்றோரும் இருந்தார்கள். வீடு, காணி, நகை, உறுதி என்று இழந்தவற்றைக் கணக்கெடுத்தோம். படிவங்களில் நிரப்பினோம். எந்தப் படிவத்திலும் இல்லாத ஓர் இழப்பும் இருந்தது. எந்தச் செடிக்கு என்ன பெயர், எது மருந்து, எது சாயம், எது ஆட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் அந்த இடத்தில் நடந்து திரிந்தால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த தலைமுறைக்கு அதைக் காட்டிக்கொடுக்க மூத்தவர்களுக்குக் காணி இருக்கவில்லை. நாமும் அந்தத் தலைமுறைதான். திரும்பி வந்தபோது எமது வளவு காடாகிக் கிடந்தது. அதில் நின்ற செடிகளில் பாதிக்கு எமக்குப் பெயர் தெரியாது.

இத்தனைக்கும் எமது ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எருக்கலம்பிட்டி. விடத்தல்தீவு. பாலைக்குழி. வேப்பங்குளம். எருக்கலை, விடத்தல், பாலை, வேம்பு. மரத்தையும் செடியையும் பார்த்துத்தான் எமது முன்னோர் ஊருக்குப் பெயர் வைத்தார்கள். விடத்தல் மரத்தைக் காட்டு என்று தரம் 8இல் கேட்டோம். மூன்று கைகள்தான் உயர்ந்தன.

இனி வகுப்புக்கு வருவோம். அந்த முதியவர் ஒரு சனிக்கிழமை எம்மோடு வந்தார். விஞ்ஞான ஆசிரியரும் வந்தார். செடியை இருவரும் பார்த்து உறுதி செய்தார்கள். உயிரோடு நிற்கும் செடியைப் பிடுங்கக் கூடாது என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். மழையில் சரிந்திருந்த ஒரு மணல் மேட்டில், ஏற்கெனவே வெளியே தொங்கிக் காய்ந்திருந்த வேர்கள் ஒரு கைப்பிடி கிடைத்தன. அதை இடித்து, படிகாரத்தில் நனைத்த வெள்ளைத் துணித் துண்டோடு மெதுவாகச் சூடாக்கினோம்.

பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. வேர் கொஞ்சம், எமது கைப்பழக்கம் அதைவிடக் கொஞ்சம். வந்தது செங்கல் போன்ற ஒரு மங்கல் சிவப்பு. ஆனால் துணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், போகவில்லை. ஒரு வாரம் வெயிலில் போட்டோம், போகவில்லை. கேள்வி கேட்ட பிள்ளை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு வேர்குத்திகளின் கதையையும் சொன்னோம். சொல்ல வேண்டுமா என்று எமக்குள் ஒரு தயக்கம் இருந்தது. வெளியேற்றப்பட்ட வலியைச் சுமக்கும் ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு, இதே மண்ணில் வேறொரு சமூகம் பட்ட வலியும் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்தோம். எமது நினைவுகளை மற்றவர்கள் மறக்கக் கூடாது என்று கேட்கும் நாம், மற்றவர்களின் நினைவை மறந்துவிட்டு அதைக் கேட்க முடியாது. அன்று ஒரு மாணவன் வரைந்த படத்தில் செடி சிறியதாகவும், குனிந்து நிற்கும் மனிதர் பெரியவராகவும் இருந்தார்கள். மனிதரின் கைகளுக்கு மட்டும் அந்தச் செங்கல் சிவப்பைத் தீட்டியிருந்தான். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

இப்போது நாம் கேட்க வந்த உதவி.

உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு அரைமணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். பாய்க்கு எதில் நிறம் போட்டார்கள், வலைக்கு எதை அவித்தார்கள், பெருநாளைக்கு மருதோண்டி அரைக்கும்போது அதில் என்ன சேர்த்தார்கள் என்று கேளுங்கள். தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதுங்கள். செடியின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பாடசாலையில் இதற்கென்று ஒரு கொப்பி திறந்திருக்கிறோம். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

இன்னொன்று. சாயவேரைக் காட்டும்படி கேட்டு இப்போதே சிலர் வருகிறார்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள். நிறம் வேரில் இருப்பதால், நிறத்தை எடுத்தால் செடி போய்விடும். விதை எடுத்துப் பாடசாலைத் தோட்டத்தில் ஒரு மணல் பாத்தியில் வளர்க்கப் பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ். அது வளர்ந்த பிறகு எல்லோரும் வந்து பார்க்கலாம்.

எமக்குச் செடியைக் காட்டித் தந்த அந்தப் பெரியவருக்கு இப்போது கண்பார்வை குறைந்து வருகிறது. அவருடைய சுகத்துக்காக துஆ செய்யுங்கள்.