சுழல்தண்டும் எண்ணும்

கடைசற்பொறியிற் பிடிக்கப்பட்ட உலோகத்துண்டு ஒருமுறை சுழலுங்கால் வெட்டுளி எவ்வளவு தூரம் முன்னேறுகின்றதோ அத்தூரமே திருகாணியின் புரியிடையாகும். இவ்விகிதம் சிறிது பிசகினும், நட்டு எனப் பொதுமக்கள் வழங்கும் சுரை அவ்வாணியில் ஏறாது. சுழல்தண்டின் வேகத்தையும் நிலையையும் அடக்கியாளுதற்கு மனிதர் முயன்ற வரலாறு பெரிதும் இவ்விகிதத்தைக் காக்க முயன்ற வரலாறே.

1800ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லே அமைத்த பொறியில், சுழல்தண்டும் உளியை நகர்த்தும் வழித்திருகும் பற்சில்லுகளாற் பிணைக்கப்பட்டிருந்தன. பற்சில்லை மாற்றினாற் புரியிடையும் மாறும். இம்முறையை முதன்முதற் கண்டவர் மோட்ஸ்லே எனக் கூறும் வழக்கு முற்றிலும் சரியன்று. ஜெஸி ராம்ஸ்டன் 1770களிலேயே இத்தகைய பொறியை ஆக்கினார். பட்டறையில் நாளாந்தம் பயன்படத்தக்க உறுதியை அதற்கு அளித்த பெருமையே மோட்ஸ்லேக்கு உரியது. அவர் பட்டறையிற் பணிபுரிந்த ஜோசப் விற்வேர்த் 1841இற் பொதுப் புரியளவுகளை வகுத்தார்.

ஆயினும், புரி ஒரே வெட்டில் அமைவதன்று. பலமுறை வெட்டவேண்டும், ஒவ்வொரு முறையும் உளி முன்னைய பள்ளத்திலேயே புகவேண்டும். பின்வந்த பொறிகளில், தொழிலாளி சிறியதொரு சுழல்முகப்பைக் கண்கொட்டாது நோக்கி, உரிய குறி வந்த கணத்திற் பிடியை இழுத்தான். பற்சில்லு விகிதத்தைக் காத்தது. தொடங்கும் கணத்தைக் காத்தது மனிதன் கண்ணே.

1940களில் மிச்சிகன் மாநிலத்தின் திராவேர்ஸ் நகரில் ஜோன் பார்சன்ஸ் என்பார் ஹெலிகொப்ரர்ச் சிறகுகளைச் செய்துவந்தார். அவரிடம் பணியாற்றிய பிராங்க் ஸ்ருலன், துளையட்டைக் கணிப்புப் பொறிகளாற் சிறகின் வளைகோட்டுப் புள்ளிகளைக் கணித்தார். ஒருவர் எண்களை வாசிக்க, மற்றையோர் கைப்பிடிகளைத் திருப்பி உளியை நகர்த்தினர். வாசிப்பவரையும் திருப்புபவரையும் நீக்கி, எண்களே பொறியை நடத்தினால் என்ன என்பதே பார்சன்ஸின் வினா. 1949இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பொருளுதவி அளித்தது. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் 1952 செப்ரெம்பரிற் காட்டிய பொறியின் மூன்று இயக்கங்கள் துளையிட்ட கடதாசி நாடாவின் ஆணைக்கு அமைந்தன. ஆணையிடுவதோடு அமையாது, உறுப்பு உண்மையில் எங்கு நிற்கின்றதென அளந்து மீள அறிவிக்கும் பின்னூட்டலே அதன் உயிர்நாடி. திட்டம் கழகத்தின் போக்கில் விரிய, அதனைக் கருவிலே சுமந்த பார்சன்ஸ் புறத்தே நின்றார். 1958இற் காப்புரிமையும் 1985இல் அமெரிக்கத் தேசியத் தொழினுட்பப் பதக்கமும் அவருக்கும் ஸ்ருலனுக்கும் கிடைத்தன.

இவ்வெற்றியில் ஒரு மறதியும் இருந்தது. நிலையை அளக்கும் கவனம் முழுதும் நகரும் உறுப்புகளுக்கே சென்றது. சுழல்தண்டு சுழன்றாற் போதும் எனக் கருதப்பட்டது. தொடக்ககாலப் பொறிகள் பலவற்றில் அதன் வேகத்தைத் தொழிலாளியே கையால் அமைத்தான். சுழலும் உளியாற் செதுக்கும் பணிக்கு இது பெருங்குறையன்று. புரிவெட்டுக்கோ மோட்ஸ்லே கட்டிய பிணைப்பு அறுந்த நிலையாகும்.

அப்பிணைப்பை மீட்டது தண்டோடு சுழலும் குறிமாற்றி. ஒவ்வொரு சுற்றையும் அது பல துடிப்புகளாகப் பிரித்து எண்ணும். சுற்றுக்கு ஒருமுறை தனிக்குறியொன்றும் எழுப்பும். அக்குறியே பழைய சுழல்முகப்பின் வேலையை மேற்கொண்டது. துடிப்புகளுக்கேற்ப உளியைக் கணினி நகர்த்துதலாற் பற்சில்லு மாற்றும் தேவையும் ஒழிந்தது.

வேகமும் கணினியின் ஆட்சிக்குள் வந்தது. வெட்டுவேகம் நிமிடத்துக்கு 100 மீற்றராயின், 100 மில்லிமீற்றர் விட்டத்தில் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 318 முறை சுழலவேண்டும். 50 மில்லிமீற்றரில் 637 முறை. 10 மில்லிமீற்றரில் 3183 முறை. உளி மையத்தை அணுகுந்தோறும் வேண்டப்படும் வேகம் எல்லையின்றி ஏறும். ஆதலின் உச்சவரம்பை முன்னரே விதித்தல் இன்றியமையாதது. விதிக்க மறந்தால், பிடியினின்று வீசப்படும் பொருள் அருகில் நிற்போனைக் கொல்லவும் கூடும்.

துளையினுள் உட்புரி வெட்டுதல் இவற்றினும் கடினம். துளையின் அடியில் தண்டு வேகங்குறைந்து, நின்று, எதிர்த்திசையிற் சுழலவேண்டும். உளியின் நகர்வு அம்மாற்றம் முழுவதையும் அடியொற்ற வேண்டும். இரண்டும் பிணையாதிருந்த காலத்தில், நீண்டும் சுருங்கியும் கொடுக்கும் வில்லமைந்த பிடி அவ்வேறுபாட்டைத் தாங்கிற்று. தண்டின் கோணத்தைக் கணமும் தவறாது கணினி அறியத் தொடங்கியபின், விறைத்த பிடியிலேயே உளியைப் பொருத்தி, வெட்டிய புரியினுள் அதனை மீண்டும் செலுத்துதலும் இயல்வதாயிற்று.