மண்ணெண்ணெய்க் கார்களும் தப்பிப்போன ரைமிங்கும்

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று பொருள்கள் கட்டாயம் வந்துவிடும். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோ, மண்ணெண்ணெயில் ஓடிய கார். எங்கட தலைமுறைக்குப் பொருளாதாரத் தடை என்பது பெரும்பாலும் இந்த மூன்று கதைகள்தான். சொல்பவர் "எங்கட ஆக்கள் விண்ணர்கள்" என்று முடிப்பார். கேட்கிற நாமும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போவோம். அந்தக் கார் எப்படி ஓடியது, ஓடுவதற்காக எதை இழந்தது, இழுவை குறைந்து நின்றபோது காரணத்தை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதெல்லாம் கதையில் வராது. நாமும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டதால் ஒரு பெரிய அறிவுத் தொகுதி கண்ணுக்கு முன்னாலேயே அழிந்துகொண்டிருக்கிறது என்பதே எமது கவலை. அதனால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கிறீஸ் பூசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கார்கள் ஏன் பழசாகவே இருந்தன?

யாழ்ப்பாணத்து வீதிகளில் அன்று ஓடியவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 சோமசெற், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட். இவை ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் இலங்கைக்கு வந்தவை. அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதிய கார் வராது என்றானபின், உள்ள காரை எப்படியும் ஓட வைப்பது நாடு முழுவதும் ஒரு தொழிலாக வளர்ந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானிய வாகனங்கள் வந்தன. ஆனாலும் வடக்கில் வாடகைக்கு ஓடியவற்றில் பல அந்தப் பழைய கார்களே.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பட்டரி, சீமெந்து என்று வடக்குக்குப் போகக்கூடாதவற்றின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. பெற்றோல் கள்ளமாக, கைக்கெட்டாத விலையில் கிடைத்தது. உதிரிப்பாகம் அரிதானது.

மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டும் வித்தை தடையோடு பிறந்ததும் இல்லை. எங்கட தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் அதற்கு முன்னரே அப்படித்தான் ஓடின: பெற்றோலில் எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பிரித்தானியாவில் பெர்குசன் நிறுவனம் 1949இலேயே இதே முறையில், மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரத்தை விற்றது. தோட்டத்தில் தெரிந்திருந்த ஒன்றை தெருவுக்குக் கொண்டுவந்ததே தொண்ணூறுகளில் நடந்தது. ஆனால் தோட்டத்து இயந்திரம் அந்த எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டது. கார் அப்படியல்ல. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நெருப்புக்கு ஒரு நேரம் இருக்கிறது

பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த வாயுவைப் பிஸ்ரன் மேலே அமுக்கும். அமுக்கி முடிக்கிற தறுவாயில் பிளக் பொறி தட்டும். எரிவதற்குச் சிறிது நேரம் எடுப்பதால், பிஸ்ரன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னரே பொறி விழ வேண்டும். அந்த 'சற்று முன்' எவ்வளவு என்பதுதான் ரைமிங். கிராங்கின் சுழற்சியில் பாகைக் கணக்கில் அளப்பார்கள்.

பொறி மிக முந்தினால் மேலே வருகிற பிஸ்ரனை நெருப்பு எதிர்த்துத் தள்ளும். கைபிடி போட்டுச் சுற்றி எழுப்புகிற கார் என்றால் கைபிடி திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். பிந்தினால் கார் ஓடும், ஆனால் இழுக்காது. எரிவாயுவின் சூடு வேலை செய்யாமல் சைலன்சர் வழியாகப் போகும், எஞ்சின் கொதிக்கும்.

ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஒரு லீற்றர் பெற்றோலைவிடச் சற்றுக் கூடுதல் சக்தி இருக்கிறது. ஆனாலும் கார் இழுக்காது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் தாண்ட வேண்டும். அதனால்தான் சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு எழுப்பினார்கள். இரண்டாவது, அதன் ஒக்டேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடினால் பொறி முறையாக எரித்து முடிக்குமுன்னமே மீதி வாயு தானாக வெடிக்கும். 'கட கட' என்று எஞ்சின் தட்டும். அந்தத் தட்டலை நிறுத்த ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பின்னுக்குத் தள்ளினால் இழுவை போய்விடும்.

பழைய கார்கள் இதைத் தாங்கியதற்கும் காரணம் உண்டு. 803 சிசி மொறிஸ் மைனரிலும் ஏ40 சோமசெற்றிலும் அமுக்க விகிதம் 7.2:1 மட்டுமே. பின்னர் வந்த கார்களில் அது 9ஐ அண்டியிருந்தது. எல்லோரும் கழித்துவிட்டிருக்க வேண்டிய கிழட்டுக் கார்தான் தடைக்காலத்துக்கு மிகப் பொருத்தமான காராக இருந்தது.

ஒயில் தண்ணியானால் கம் தேயும்

எரியாத மண்ணெண்ணெய் புகையாக மட்டும் போவதில்லை. சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் நாளடைவில் தண்ணியாகும். தண்ணியான ஒயிலால் முதலில் அடிபடுகிற பாகங்களில் ஒன்று கம்ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடுகிற முட்டை வடிவ மேடுகள் கொண்ட தண்டு அது. அந்த மேடும் அதன்மேல் உராய்கிற தப்பெற்றும் தொடுகிற இடத்தில் அழுத்தம் மிக அதிகம். ஒயில் படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் தேயும். மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது. எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்.

புதிய கம்ஷாஃப்ட் எங்கே வாங்குவது? நின்றுபோன ஒரு காரைக் கழற்றி ஓடுகிற காரை வாழவைப்பதுதான் அன்றைய வழி. கழற்றிப் பூட்டியபின் வருகிற சிக்கல்தான் மெக்கானிக்கின் உண்மையான பரீட்சை. கம்ஷாஃப்ட் மாற்றியாயிற்று, எஞ்சின் எழும்புகிறது, ஆனால் கார் இழுக்கவில்லை. ஏன்?

இந்த எஞ்சின்களில் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கம்ஷாஃப்ட்தான். கிராங்கிலிருந்து ரைமிங் செயின் கம்மைச் சுற்றும், கம் டிஸ்ரிபியூட்டரைச் சுற்றும். செயின் பூட்டும்போது இரண்டு சில்லுகளிலும் உள்ள குறிகளை நேருக்கு நேர் வைக்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் கிராங்கின் கணக்கில் பத்துப் பாகைக்கு மேல் பிசகும். பிசகுவது வால்வும் பொறியும் இரண்டும் சேர்ந்து. டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியைச் சரியாக்கலாம். வால்வு பிழையாகவே இருக்கும். எவ்வளவு திருப்பினாலும் இழுவை வராது.

மண்ணெண்ணெயில் ஓடுகிற காரில் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இழுவை இல்லையென்றால் எல்லோரும் "மண்ணெண்ணெய்தானே, அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். எரிபொருளில் பழியைப் போட்டால் எஞ்சினுக்குள் இருக்கிற பிழை ஒளிந்துகொள்ளும்.

ஒளிந்ததை வெளியே எடுப்பதற்குத் தொழிலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மின்சாரமும் விலைகூடிய கருவியும் இல்லாத இடத்திலும் அது நடக்கும்.

முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் பெருவிரலை வைத்து, கைபிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் அமுக்க வீச்சு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் பிஸ்ரன் இரண்டு முறை உச்சிக்கு வரும், அதில் ஒன்றுதான் பொறிக்குரியது. மற்றதில் டிஸ்ரிபியூட்டரைப் பூட்டினால் காபரேற்றர் வழியாக வெடிக்கும், எஞ்சின் ஓடாது.

அடுத்து, முதலாவது உச்சியில் நிற்கும்போது நாலாவது சிலிண்டரின் வால்வுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று மூடி முடிக்க, மற்றது திறக்கத் தொடங்க வேண்டும். அந்தக் கைமாற்றம் உச்சியை விட்டுத் தள்ளி நடந்தால் செயின் பல் தவறியிருக்கிறது. முன்மூடியைத் திரும்பக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு வால்வு இடைவெளி. மைனரில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. வேறு காரின் கம்மும் தப்பெற்றும் வந்தால் இது மாறியே தீரும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் ஒழுகும்.

இவையெல்லாம் சரியென்றால்தான் பொறிக்கு வர வேண்டும். பொயின்ற்றுகளுக்கு இடையே சிகரெட் தாள் போன்ற மெல்லிய தாளைப் பிடித்து, டிஸ்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினால், தாள் இறுக்கம் விட்டு வழுகுகிற கணம் பொறி தட்டுகிற கணம். பட்டரி இருந்தால் ஒரு பல்பு வைத்தும் பார்க்கலாம்.

கடைசியில் தெரு. மேல் கியரில், குறைந்த வேகத்தில், அக்சிலேற்றரை முழுதாக மிதித்துக் காது கொடுக்க வேண்டும். தட்டினால் கொஞ்சம் பின்னுக்கு, செத்துக் கிடந்தால் கொஞ்சம் முன்னுக்கு. பழி எரிபொருளிலா எஞ்சினிலா என்று பிரித்தறிய, பெற்றோலுக்கு ஏற்ப ரைமிங்கை வைத்து அருமருந்தான பெற்றோலில் கொஞ்சத்தை விட்டு ஓடிப் பார்க்கலாம். பெற்றோலிலும் இழுக்கவில்லையென்றால் பிழை எஞ்சினுக்குள்தான்.

ஊகத்துக்கு இடம் விடாமல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிற இந்த முறைக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான முறை என்று பெயர்.

பெருமைக்கும் அவமதிப்புக்கும் நடுவில்

"படிக்காட்டிக் கராஜுக்குத்தான் போவாய்." இந்த வெருட்டைக் கேட்காமல் வளர்ந்தவர் எங்களில் குறைவு. டொக்டர், எஞ்சினியர் என்று இரண்டே கனவு வைத்திருந்த சமூகம் கராஜைத் தண்டனையாகக் காட்டியது. அதே சமூகம் ஐந்தாண்டுக்கு மேல் தன் நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றியதும், நெல்லையும் வெங்காயத்தையும் சந்தைக்குக் கொண்டுபோனதும் கராஜின் அறிவை நம்பித்தான். தடை தளர்ந்தபின் அந்த அறிவு "விண்ணர்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் சுருட்டி வைக்கப்பட்டது.

விண்ணர் என்ற சொல் இழப்பை மறைத்துவிடுகிறது. மண்ணெண்ணெய்ப் புகையை நாளெல்லாம் சுவாசித்தவர்களின் நெஞ்சு, திருப்பி அடித்த கைபிடி, தேய்ந்து தீர்ந்த எஞ்சின்கள் ஆகியவை அந்தக் கதையில் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நகர்ந்த நெரிசலை நினைத்துப் பாருங்கள். ஊர்ந்து போகிற வண்டியில் எஞ்சின் ஆறும். ஆறினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, வண்டி நிற்கும். திரும்ப எழுப்பக் கையில் சில துளி பெற்றோல் இருக்க வேண்டும். ரைமிங் சரியாக இருப்பதும் இல்லாததும் அன்று ஒரு குடும்பத்துக்கு வாகனக் கோளாறு மட்டுமாக இருந்திருக்காது. இந்த நிலைமையை உருவாக்கியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை, சமாளித்தவர்களைப் புகழ்ந்தே நாங்கள் மறந்துபோகிறோம்.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது எங்கட தலைமுறைக்கு இந்தக் கதைகள் மீண்டும் சொல்லப்பட்டன. அப்போதும் கேட்டது கதை மட்டுமே. எந்தச் சில்லில் எந்தக் குறி, எவ்வளவு பின்னுக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினார்கள் என்று எழுதி வைத்தவர் யார்?

அந்தக் கைகள் இன்னும் சில கராஜ்களில் வேலை செய்கின்றன. பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வாய்மொழி வரலாறு சேகரிக்கிற நாங்கள் கவிஞர்களிடமும் ஆசிரியர்களிடமும் போகிற அளவுக்கு இவர்களிடம் போனதில்லை. அடுத்த முறை உங்கள் ஊர்க் கராஜுக்குப் போகும்போது "அந்தக் காலம் எப்படி ஐயா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பெருமைதான் பதிலாக வரும். "கம் மாத்தினாப் பிறகு கார் இழுக்காட்டி முதல்ல எதைப் பாப்பீங்கள்?" என்று கேளுங்கள். கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள்.